மாப்பிள்ளை அனுப்பிய மெட்டல் கேஸ்கட்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை வல்லரசு அவர்களுக்கு,

மாமா வேல்பாண்டி, ஹவில்தார் கிளார்க் (ஓய்வு), எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை பாண்டிசெல்வியும் வாசல் வேப்பமரமும் நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் அம்மாவும், உங்கள் மனைவியும் என் ஒரே மகளுமான மாரீஸ்வரியும், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நலம். ஜீப் மட்டும் நலமில்லை. அந்தப் பனிமலையில் நீங்களும் உங்கள் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற வண்டிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அய்யனாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்கு மாமா கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் போஸ்ட்டில் டவர் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் நான் ‘சாப்பிட்டீகளா’ என்று கேட்டு நீங்கள் ‘ஆச்சு மாமா’ என்பதற்குள் அறுந்துபோகிறது. ஆனால் அது காரணமில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம் மாமனார் காதில் விழுவது குடும்பத்துக்கு நல்லதில்லை. கடிதமென்றால் நீங்கள் உங்கள் சௌகரியம்போலச் சிரித்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருக்கிற பஞ்சாபிக்காரருக்கும் இந்தியில் சொல்லிச் சிரிக்க வைக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பட்டாளத்திலிருந்து வந்தவன் என்றால் டாங்கி ஓட்டினவன் என்று நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. டீக்கடையில் யாராவது ‘மிலிட்டரி, என் புல்லட்டு இருமுது, என்னன்னு பாருங்க’ என்றால் நான் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு ‘ம்ம், ஏர் பிடிக்குது’ என்று சொல்லி எழுந்துவிடுவேன். என்ன ஏர், எங்கே பிடிக்கிறது என்பது எனக்கே தெரியாது. என் சர்வீஸ் முழுக்க நான் பிரித்துப்பார்த்த ஒரே இயந்திரம் டைப்ரைட்டர். அதையும் திரும்ப மாட்டத் தெரியாமல் துணியில் மூட்டை கட்டி ஸ்டோரில் ஒப்படைத்தேன். நீங்கள் நிஜமான வண்டி மெக்கானிக், நான் பேப்பர் மெக்கானிக். இது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் என்னை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. அந்த நன்றிக்காகவே முழு உண்மையையும் எழுதுகிறேன்.

பொங்கல் சீர் கொண்டு வந்த அன்று என் ஜீப் மடவார் வளாகத்தில் உங்கள் தெருவையே வெள்ளைப் புகையால் மூடியது. கொசு மருந்து அடிக்க நகராட்சியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அதை உங்கள் அம்மா மறக்கவில்லை. மாரிக்கு வளைகாப்புத் தேதி குறிக்க நாங்கள் வந்தபோது, அவர்களாகத்தான் பேச்சை எடுத்தார்கள். “அண்ணே, வளைகாப்பு முடிஞ்சு புள்ளைத்தாச்சிய அந்தப் புகை கக்குற ஜீப்புல ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வரல” என்றார்கள். சரி மதினி, டாக்சி வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அன்றைக்கு உங்கள் அம்மா வைத்த கோழிக்குழம்பு அப்படி. வயிறு நிறைந்தால் எனக்கு வாய் நீளும். “என் மகளை வாடகை வண்டியில கூட்டிட்டுப் போற அளவுக்கு நான் ஒண்ணும் கெட்டுப் போகல மதினி. இதே ஜீப்புல, பொட்டுப் புகை இல்லாம வந்து கூட்டிட்டுப் போறேன். அப்படி முடியலைன்னா பிரசவம் இங்கனயே நடக்கட்டும்!” என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை யாருமே என்னிடம் கேட்கவில்லை. உங்கள் அம்மா சட்டென்று நிமிர்ந்து, “சரிண்ணே, நீங்களே சொல்லிட்டீக” என்று தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்கள். உங்கள் அத்தை என் முதுகில் கிள்ளிய இடம் இன்னும் கன்றியிருக்கிறது. கதவோரம் நின்ற மாரியின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவேண்டும் என்று கனாக் கண்டுகொண்டிருந்த பிள்ளையை ஒரு பழைய டீசல் ஜீப்பின் மேல் பந்தயம் கட்டிவிட்டேன் மாப்பிள்ளை.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கிறது, எஞ்சினை முழுசாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று மெக்கானிக் பிச்சை முகம்மது சொன்னார். அவர் போட்டு வந்த அட்டைக் கேஸ்கட் மூன்று முறை போனதால், நீங்கள் எங்கிருந்தோ ஆர்டர் போட்டு மெட்டல் கேஸ்கட் ஒன்றை என் வீட்டுக்கு வரவழைத்தீர்கள். கூடவே மெசேஜும் அனுப்பினீர்கள். ஹெட்டும் பிளாக்கும் துடைத்துச் சுத்தமாக இருக்கவேண்டும், கேஸ்கட்டை உலர்ந்தபடியே போடவேண்டும், அதன்மேல் ஒட்டுகிற கம், கிரீஸ் எதையும் தடவக் கூடாது, போல்ட்டை நடுவிலிருந்து மாற்றி மாற்றி முறுக்கவேண்டும். அதை நான் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். கிளார்க் புத்தி.

பார்சலைப் பிரித்ததும் உங்கள் அத்தை “இட்லித் தட்டு அனுப்பியிருக்காரா மாப்பிள்ளை? நாலே குழிதான் இருக்கு” என்று கேட்டாள். பிறகு விஷயம் தெரிந்து, வளையாமல் நெளியாமல் இருக்கட்டுமென்று பூஜை அலமாரியில் சாமி படங்களுக்குப் பின்னால் அதை நிறுத்திவைத்தாள். அங்கே வைத்ததுதான் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது. தினமும் காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது உங்கள் கேஸ்கட்டையும் சேர்த்துத்தான் கும்பிட்டோம்.

எஞ்சினை என் கண் முன்னால்தான் பிரிக்கவேண்டும் என்று நான் அடம்பிடித்ததால் பிச்சை முகம்மது எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக்கை எங்கள் வேப்பமரத்தில் கட்டி, வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகம் பார்த்துத் தலை சீவலாம் போலத் தேய்த்து வாங்கி வந்தோம். போர் அடித்து, புதுப் பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டாயிற்று. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. கேஸ்கட்டை எடுத்துக் காட்டியதும் அவர் முகம் கோணியது. கையில் வாங்கி, நகத்தால் தட்டிப்பார்த்து, “அண்ணாச்சி, இது தகரம்ல. ரெண்டு இரும்புக்கு நடுவுல தகரத்த வச்சா தண்ணி நிக்குமா? லேசா கம் போட்ருவோம். உங்க மாப்பிள்ளைக்கு அங்க இருந்து எம்புட்டுத் தெரியப் போகுது?” என்றார். நான் மரத்தைக் காட்டினேன். அவர் தாளைப் படித்துவிட்டு, “படிச்சவுக எழுதுறது வேற, ஓடுற வண்டி வேற” என்று சொல்லி பைக்குள்ளிருந்து கம் டப்பாவை எடுத்து எஞ்சின் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்துப் பையில் போட்டேன். அவர் மறுபடி எடுத்து வெளியே வைத்தார். இப்படியே ஒரு காலைப்பொழுது போயிற்று. பட்டாளத்தில் நான் ஒருநாள்கூட சென்ட்ரி டியூட்டி பார்த்தவனில்லை, அதை எல்லாம் இந்தக் கேஸ்கட்டுக்குப் பார்த்தேன். நாற்காலியைப் போட்டு மடியில் கேஸ்கட்டை வைத்துக்கொண்டு, ஒண்ணுக்குப் போகும்போதுகூட கையோடு எடுத்துப் போனேன். “இதுமேல ஒரு தூசி படக்கூடாது, பாத்துக்கோரும்” என்று நான் சொன்ன சத்தம் தெருமுனைவரை கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இப்போது வளைகாப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எழுதவே கை கூசுகிறது.

அன்றைக்கு ஹெட்டை இறக்குவதாக ஏற்பாடு. எல்லாம் தயாராக இருந்தது, ஆனால் ராகு காலம் என்பதால் நான்தான் பொறுக்கச் சொன்னேன். ராகு காலம் முடிந்தபோது பிச்சை முகம்மது கைகாலைக் கழுவிக்கொண்டு, “அண்ணாச்சி, ஜும்மாவுக்குப் போய்ட்டு வந்திர்றேன். வந்ததும் தூக்கி வச்சிருவோம்” என்று சொல்லிவிட்டு, போகிறபோது கம் டப்பாவையும் என் கண் முன்னாலேயே பைக்குள் போட்டு எடுத்துப் போனார். மனுஷன் அவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டார். வாசலில் நானும் திறந்து கிடக்கிற எஞ்சினும் மட்டும். நல்ல நேரம் வீணாகப் போகிறதே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கே உங்கள் அத்தை மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் அவள் சந்தனத்தைக் கரைத்துக் கொடுத்ததோடு சரி. யோசனை என்னுடையது. புதுசாக ஒரு சாமானைப் பொட்டு வைக்காமல் இந்த வீட்டில் எப்போதாவது மாட்டியிருக்கிறோமா? மிக்சிக்கு வைத்தோம், பீரோவுக்கு வைத்தோம், கிணற்று மோட்டாருக்கு வைத்தோம், கல்யாணத்தன்று உங்களுக்கும் வைத்தோம். யாரும் ஒழுகவில்லை.

தாள் தலைக்கு மேலேதான் தொங்கியது, ‘எதையும் தடவக் கூடாது’ என்று நானே கொட்டை எழுத்தில் எழுதியதுதான். அதை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படித்தேன். படித்துவிட்டு, மாப்பிள்ளை சொல்வது கடையில் விற்கிற கம், கிரீஸ் மாதிரி சாமானைத்தான், சாமி காரியத்தை அவர் ஏன் தடுக்கப் போகிறார் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். கேஸ்கட்டின் மேல்பக்கம் இங்கிலீஷில் ‘டாப்’ என்று அடித்திருந்தது. அந்த எழுத்து மறைந்தால் பிச்சை முகம்மது தலைகீழாகப் போட்டுவிடுவாரே என்று முன்யோசனையோடு கேஸ்கட்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில், நாலு குழிக்கும் பாரபட்சம் பார்க்காமல் கெட்டியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். குழிக்கும் குழிக்கும் நடுவில் இருக்கிற ஒடுக்கமான இடம் பொட்டு வைக்க வாகாக இருந்தது. அந்த ஒடுக்கமான இடம்தான் எஞ்சினுக்கு உயிர்நிலை என்று எனக்கு எவன் சொன்னான். சூடம் காட்டி, அப்படியே கொண்டுபோய் பிளாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிற ரெண்டு பின்னில் பொருந்துகிற மாதிரி நானே வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

பிச்சை முகம்மது திரும்பி வந்தபோது அத்தர் போட்டிருந்தார். அந்த வாசத்தில் சந்தன வாசம் அடிபட்டுப் போயிற்று. “வச்சிட்டீகளா? சரியாத்தான் வச்சிருக்கீக” என்று குனிந்து ‘டாப்’ எழுத்தைப் பார்த்துவிட்டு ஹெட்டை இறக்கினார். நான் தாளைப் பார்த்து பரேடு மைதானத்தில் கத்துகிற மாதிரி கத்த, அவர் டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து மாற்றி மாற்றி முறுக்கினார். சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். ஒரே அடியில் பிடித்துக்கொண்டது மாப்பிள்ளை. புகை இல்லை, உதறல் இல்லை. பஞ்சு மார்க்கெட் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து வாசலில் நிறுத்தியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றே தோன்றியது. பிச்சை முகம்மது “கம் இல்லாமயே நிக்குதே!” என்று தலையில் கைவைத்து ஆச்சரியப்பட்டார். “சொன்னேன்ல” என்றேன்.

போன வாரம் வளைகாப்பன்று சீர்த்தட்டு, கட்டுச்சோறு, கண்ணாடி வளையல் பெட்டி, உங்கள் அத்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது சூட்டு முள் கொஞ்சம் எழும்பியது. உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, “என்ன, முள்ளு தலையைத் தூக்குது?” என்று கேட்டாள். “வெயில்” என்றேன். உங்கள் வீட்டு வாசலில் புகை இல்லாமல் போய் நிறுத்தியபோது உங்கள் அம்மா ஜீப்பை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் அங்குமிங்கும் நடந்தேன். எதிர்வீட்டார் ஜன்னல் திறந்தே இருந்தது.

மாரிக்கு ரெண்டு கையிலும் முழங்கை வரை வளையல். எழுந்தால் சிரித்தால் எல்லாம் சத்தம். நீங்கள் பார்க்கவில்லையே என்று அந்த நேரம் நிஜமாகவே வருத்தப்பட்டேன். எல்லாம் முடிந்து, ஆரத்தி எடுத்துக் கரைசலை வண்டி முன்னால் கொட்டி, பிள்ளையை முன் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். வண்டி கிளம்பிற்று. இரண்டு தெரு போயிருப்போம். முள் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது, பானட்டுக்குள்ளிருந்து சோற்றுப்பானை பொங்குகிற சத்தம், அடுத்தது முன்னால் ரோடே தெரியாமல் ஆவி. பால்கோவா கடை வாசலில் நின்றுபோனோம். கடைக்காரர் ஓடிவந்து மாரிக்கு நாற்காலி போட்டார். நான் பானட்டைத் திறந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து சிவப்பாக ஏதோ சொட்டுகிறது. பூக்கட்டுகிற அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, “என்ன, ஆரத்தித் தண்ணி மாதிரியே வருது?” என்றாள். நான் உடனே பிடித்துக்கொண்டேன். “ஆமாம்மா, இப்பத்தான் ஆரத்தி எடுத்தாங்க, தெறிச்சிருக்கும்” என்று சொன்னேன். சொன்னது மட்டுமில்லை, நம்பவும் செய்தேன். கூட்டத்தில் ஒருவன், “வளைகாப்பு வண்டிக்கா பிள்ளைக்கா?” என்று கேட்க, மாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி உங்கள் அம்மா குடையோடு நடந்தே வந்துவிட்டார்கள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. “வெயில்ல நிக்காதீகண்ணே” என்றார்கள். மாரியின் கையைப் பிடித்து எழுப்பி, குடைக்குள் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். வாக்குக் கொடுத்தது நான். தெரு திரும்புகிற இடத்தில் மாரி ஒருதரம் நின்று எங்களைப் பார்த்தாள். வளையல் கையால் கண்ணைத் துடைத்தாள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, மாப்பிள்ளை. அந்த நிமிஷம் ஜீப் தீப்பிடித்து எரிந்திருந்தாலும் நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டேன்.

கான்சாபுரத்துக்காரர் ஒருவர் டிராக்டரில் ராஜபாளையம் வந்துகொண்டிருந்தார். அவர் கயிறு கட்டி இழுக்க, உங்கள் அத்தை காலி சீர்த்தட்டோடு டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், என்னோடு ஜீப்பில் வர மாட்டேன் என்றுவிட்டாள். வழியெல்லாம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஊர் எல்லையில் டீக்கடைக்காரர், “மிலிட்டரி, என்ன ஆச்சு?” என்று கேட்டார். “ஏர் பிடிச்சிருச்சு” என்றேன்.

மறுநாள் பிச்சை முகம்மது வந்து ஹெட்டைத் தூக்கினார். கேஸ்கட்டை எடுத்தார். திருப்பினார். நாலு இடத்தில் அப்பளம் மாதிரிக் கருகி, நடுவில் கால்வாய் வெட்டினாற்போலத் தண்ணீர் ஓடின தடம். விரல் நுனியால் சுரண்டி எடுத்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மோந்தார். “அண்ணாச்சி, சந்தன வாசம் அடிக்குது” என்றார். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “நான் தொழுகைக்குப் போன நேரத்துல நீங்க இங்க பூசை நடத்துனீகளாக்கும்!” என்று தொடங்கினவர், அப்படியே டயர் மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். “என் கம்மைத் தொடவிடாம காவல் இருந்துட்டு, உங்க கம்மை வச்சுட்டீகளே அண்ணாச்சி! என் கம்மாச்சும் சூட்டைத் தாங்கும்!” என்று சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார். அதன்பிறகு அவருக்கு மெட்டல் கேஸ்கட் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. பொட்டு வைத்தும்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிருக்கிறதே, சும்மா போட்டிருந்தால் காசிக்கே போயிருக்கும் என்கிறார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் (இவர் வெளியே போகிற நேரம்தான் எனக்குக் கெட்ட நேரம்) கருகினதைச் சுத்தம் செய்துவிட்டால் அதையே மறுபடி போட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். அவள் கோபத்தையெல்லாம் கையில் காட்டி, புளி போட்டு, தேங்காய் நாரால் குத்துவிளக்குத் தேய்க்கிற தேய் தேய்த்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தாள். பளபளவென்று மின்னியது. பிச்சை முகம்மது வந்து பார்த்துவிட்டு இந்தத் தடவை சிரிக்கவில்லை. “மேல பூசியிருந்த கோட்டிங்தானண்ணாச்சி தண்ணிய நிறுத்துறது, அதையே தேச்சு எடுத்துட்டீக. இனி இதுல இட்லிதான் ஊத்தணும்” என்று சொல்லி, ஹெட் இல்லாத ஜீப்பை வேப்பமரத்தடிக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இன்னொரு மெட்டல் கேஸ்கட் அனுப்பிவையுங்கள். அதை நான் தொட மாட்டேன், கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன், நேரே பிச்சை முகம்மது விலாசத்துக்கே அனுப்புங்கள். அதைவிட முக்கியம், உங்கள் அம்மாவுக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுதவேண்டும். நான் இருமுறை போன் செய்து, “மதினி, டாக்சியிலயாச்சும் பிள்ளைய அனுப்புங்க” என்று கேட்டுவிட்டேன். “வாக்கு வாக்குதானண்ணே” என்கிறார்கள். உங்களைப் பெற்றவர்களைக் கல்நெஞ்சு என்று சொல்வேனா, சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஜீப் ஒழுகியதற்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது என்ன நியாயம்? இங்கே உங்கள் அத்தை மாரிக்கென்று தட்டி வைத்த கட்டிலில் தினமும் விரிப்பை மாற்றுகிறாள், யாரும் படுக்காத விரிப்பை. என்னிடம் பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு, “சாப்பிடச் சொல்லு” என்று சுவரிடம் சொல்கிறாள். நீங்கள் சொன்னால் உங்கள் அம்மா கேட்பார்கள்.

நீங்கள் ஏறுகிற மலையெல்லாம் தாழ்ந்து கொடுக்கவும், கை வைக்கிற எஞ்சினெல்லாம் முதல் அடியில் பிடித்துக்கொள்ளவும், குறித்த நாளில் நல்லபடியாகப் பிள்ளை பிறந்து உங்கள் காதில் அந்த அழுகை விழும்போதாவது டவர் அறுந்துபோகாமல் இருக்கவும் மனசார வாழ்த்துகிறேன். அத்தை தன் ஆசியையும் சொல்லச் சொன்னாள், சுவர் வழியாக.

இப்படிக்கு,
உங்கள் மேல் பாசமும் எஞ்சின் மேல் பயமும் உள்ள மாமா,
வேல்பாண்டி.

பின்குறிப்பு: உறைமேல் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாரி இறங்கினாள். உங்கள் அத்தை கையில் இருந்த அரிவாள்மனையைக்கூட வைக்காமல் ஓடினாள். பின்னாலேயே உங்கள் அம்மா ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, ஊறுகாய் ஜாடி சகிதம் இறங்கி, “நானும் வந்துட்டேண்ணே, பிரசவம் வரைக்கும் இங்கதான்” என்றார்கள். உங்கள் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து உங்கள் அத்தையிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன். “மகன் அம்புட்டுத் தூரத்துல கெடக்கான். என் வீட்டுக்காரவுக போய்ச்சேந்தபொறவு அந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணைன்னு இருந்தது இவ ஒருத்திதான் மதினி. இவளையும் அனுப்பிட்டு நான் யாரு மொகத்துல முழிப்பேன்? அண்ணன் பந்தயம் கட்டவும் கப்புன்னு புடிச்சுக்கிட்டேன். ஜீப்பு நின்னதும், சாமி சத்தியமா சொல்றேன், சந்தோசமாத்தான் இருந்துச்சு. நிக்காம ஓடியிருந்தா அன்னைக்குப் பிள்ளைக்குச் சந்திராஷ்டமம்னு சொல்லி எறக்கியிருப்பேன். ஆனா திரும்பி வந்த நாளையில இருந்து இவ சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கா, திங்க மாட்டேங்கா. என் ஒருத்திக்காக ரெண்டு உசுரைப் பட்டினி போடவா?” என்றார்கள். உங்கள் அத்தை அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

ஆக, நான் பொட்டு வைக்காமல் போட்டிருந்தாலும் பிள்ளை அன்றைக்கு வந்திருக்க மாட்டாள். மேலே உங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய வரிகளை அடித்துவிடலாம் என்றால் மை ஊறித் தாளே பாழாகிறது, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எந்தக் கடிதமும் எழுதவேண்டாம். கேஸ்கட்டும் வேண்டாம். வீட்டுக்குள் மூன்று பெண்கள் பேசுகிற பேச்சில் எனக்கு இடமில்லாமல் ஹெட் இல்லாத ஜீப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் அம்மா பேச்சுக்கு நடுவில் எழுந்து வாசலுக்கு வந்து தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்சல் எதுவும் அனுப்பாமல், லீவு போட்டு நீங்கள் வாருங்கள் மாப்பிள்ளை.